நாவிழந்தார்க்கு உருபு

பாரிசவாதத்தால் பேச்சிழந்தாரை ‘நாவிழந்தார்’ என்கிறோம். அது பிழை. நாவும் உண்டு, அறிவும் உண்டு. பழுதுற்றது மூளையில் மொழிக்குரிய பகுதியே. பாரிஸ் நகர மருத்துவர் புரோக்கா 1861இல் இதனைக் காட்டினார்.

சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் ஆக்கிய ‘ஆவாஸ்’, பேசவியலாப் பிள்ளைகளுக்கெனப் பிறந்த கருவி. திரையிற் படத்தைத் தொட்டால் தமிழிலும் பேசும். நோயுற்ற முதியோர்க்கும் இவ்வழி உதவும். ஆனால், மகன், டாக்குத்தர், கூப்பிடு என மூன்று படங்களைத் தொட்டால் யார் யாரைக் கூப்பிடுவது? ‘ஐ’ உருபு ஒன்றே அதனைத் தெளிவிக்கும், உருபுக்கோ படமில்லை. இந்நோயின் ஒரு வகையில் நழுவிப்போவனவும் உருபுகளே!

2013இல் நாராயணன் விளக்கிய ‘ஃப்ரீஸ்பீச்’ முறை, படங்களை யார், எதை என்னும் வினாக்களால் இணைக்கிறது. வேற்றுமை கற்பிக்கையில் நாம் வகுப்பிற் கேட்கும் வினாக்களல்லவா அவை?

இன்னொன்று. ‘தண்ணி தாங்கோ’ என்றே வாழ்ந்த யாழ்ப்பாணத்து மூதாட்டிக்காகக் கருவி ‘தண்ணீர் கொடு’ என்று பேசினால், பேசியது அவளாகுமா?