கொட்டகையைப் பூட்டாதீர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்த கொட்டகையை நிர்வாகம் போன மாதம் பூட்டிவிட்டது. என் தங்கையின் பேரன் அந்தக் குழுவில் ஒருவன். நிர்வாகம் சொன்ன காரணங்கள் மூன்று: படிப்பு கெடுகிறது, பணம் வீணாகிறது, ஆபத்து. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்களாம். நான் அங்கே இருந்திருந்தால் தட்டியிருக்க மாட்டேன். மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் படிப்பு.

1970களில் நாங்கள் நான்கு பேர் புதுச்சேரியில் ஒரு பழைய ஃபியட் 1100-ஐ ரேஸ் காராக மாற்றினோம். ஒருவர் பஞ்சாலை ஃபிட்டர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தாவின் மகன். நான்காவது ஆள் நான், அரசாங்க குமாஸ்தா. எனக்கு ஸ்பானர் பிடிக்க வராது. அதனால் நோட்டுப்புத்தகம் என் பொறுப்பு. இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் வருவதற்கு முன்னால், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம்.

பயிற்சி நாளில் மூன்றாவது சுற்றில் வண்டி இருமியது, நின்றது. தள்ளிக்கொண்டு வந்து பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மறுபடி மூன்று சுற்று, மறுபடி இருமல். பிரெஞ்சில் இதற்கு 'பான்' என்று பெயர். நம்மூரில் மக்கர்.

மெக்கானிக் நண்பர் கண்டன்சர் சூடாகிறது என்றார். ஃபிட்டர் பம்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது என்றார். சொல்தா மகன் கார்புரேட்டர் ஜெட்டில் தூசி என்றார். மூன்றும் நம்பக்கூடிய காரணங்கள். குரல் உயர்ந்தவர் சொன்னபடி செய்வதுதான் நம் நாட்டு வழக்கம். அன்று அப்படிச் செய்யவில்லை. மூன்றையும் நோட்டில் எழுதினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிப்பது என்று முடிவு.

வண்டி நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பொறி நன்றாக வந்தது. கண்டன்சர் அடிபட்டது. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டினோம். அதே மூன்று சுற்று, அதே இருமல். ஆவியும் அடிபட்டது. அடுத்த முறை நின்றவுடன் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தோம். உள்ளே பெட்ரோலே இல்லை. ஜெட்டில் தூசி இருந்தால் கிண்ணம் நிறைந்தல்லவா இருக்க வேண்டும்? ஆக, பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்புக்கு ஒரு தகர டின்னில் இருந்து தனியாகக் குழாய் கொடுத்தோம். எஞ்சின் நிற்காமல் ஓடியது. பம்பிலும் குறையில்லை, மிச்சம் இருப்பது டேங்க்தான். மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்றுக்காக விட்டிருந்த சிறு துளையை, பெயிண்ட் கடைக்காரர் அழகாகப் பூசி அடைத்திருந்தார். பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. பத்து நிமிடம் நின்றால் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று புகும், வண்டி உயிர் பெறும்.

ஒரு குண்டூசியால் துளையைக் குத்தினோம். மறுநாள் பந்தயத்தில் பின்வரிசையில்தான் முடித்தோம். ஆனால் முடித்தோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். தெகார்த் என்ற தத்துவ ஞானி 1637-ல் எழுதிய 'திஸ்கூர் த லா மெத்தோத்' நூலின் நான்கு விதிகளை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாததை மட்டும் ஏற்றுக்கொள். சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரி. எளியதில் தொடங்கிக் கடினத்துக்குப் போ. எதுவும் விடுபடாமல் பட்டியல் போடு. பரீட்சையில் எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் அர்த்தம் விளங்கியது சோழவரத்துப் புழுதியில்தான். இதையா ஐயா படிப்பு கெடுகிறது என்கிறீர்கள்?

அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். ஒரு மனு ஏன் நிற்கிறது என்று யாரும் கிண்ணத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு பிரிவு அடுத்த பிரிவைக் கை காட்டும், அது இன்னொன்றைக் காட்டும். பாவம், மனுதாரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருப்பார். கோளாறு தேடத் தெரிந்த பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தால் நாட்டுக்குத்தான் நல்லது.

இரண்டாவது, பணம்.

அன்று கண்டன்சர், பம்ப், கார்புரேட்டர் மூன்றையும் வாங்கி மாற்றியிருந்தால் என் ஒரு மாதச் சம்பளம் போயிருக்கும். கோளாறு அப்படியே இருந்திருக்கும். இன்று வண்டியைச் சர்வீசுக்கு விட்டால் என்ன நடக்கிறது? "இதை மாத்திட்டோம் சார், அதையும் மாத்திட்டோம் சார்" என்று நீளமாக ஒரு பில். எதனால் மாற்றினீர்கள் என்று கேட்டால் பையன் விழிக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை. தேடிப் பார்க்க யாரும் அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. வீண்செலவு எங்கே இருக்கிறது, கொட்டகையிலா, அந்தப் பில்லிலா?

இந்த மாணவர் போட்டிகளின் விதிகளையும் கொஞ்சம் பாருங்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளில் வேகத்துக்கு மட்டும் பரிசு இல்லை. ஆயிரம் மதிப்பெண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வண்டி ஓடாமலே கிடைப்பது. ஏன் இப்படி வடிவமைத்தாய், என்ன செலவானது, இதை எப்படி விற்பாய் என்று நடுவர்கள் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். கணக்கு எழுதத் தெரியாத குழு அங்கே ஜெயிக்காது.

மூன்றாவது, ஆபத்து.

இதுதான் பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைப்பது. நியாயமான பயம். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நில்லுங்கள். கடையில் வாங்கிய பைக்கில், ஹெல்மெட்கூட இல்லாமல், பால்காரருக்கும் நடைப்பயிற்சிக்காரருக்கும் நடுவே பறக்கிறார்கள். அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட அவர்கள் முடுக்கியது கிடையாது. பிரேக் எத்தனை தூரத்தில் பிடிக்கும் என்றும் தெரியாது.

கொட்டகைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் போட்டிகளில் ஓட்டும் முன்பே சோதனை. வண்டியை அறுபது டிகிரி சாய்ப்பார்கள், கவிழக் கூடாது. பிரேக் போட்டால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் ஐந்து வினாடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். எஞ்சின் காற்று இழுக்கும் வழியையே இருபது மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிடுகிறார்கள். தன் கையால் பிரேக் குழாய் பொருத்தியவனுக்கு வேகத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். கொட்டகையைப் பூட்டினால் அந்த ஆசை செத்துவிடும் என்று நினைக்கிறீர்களா? அது சாலைக்குப் போகும்.

"சரி பெரியவரே, இதனால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். காலின் சாப்மன் 1948-ல் லண்டனில் தன் காதலி வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜில் பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துக் கட்டினார். லோட்டஸ் அங்கே பிறந்தது. இத்தாலியில் பிறந்து பாரீஸில் பட்டறை வைத்த கோர்தினியை 'மந்திரவாதி' என்றே பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தார்கள். கையில் காசில்லாத அவருடைய கார் 1952-ல் ரேன்ஸ் பந்தயத்தில் ஃபெராரியைத் தோற்கடித்தது. நம் கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டினார். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்.

ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி உங்களை மயக்க விரும்பவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் அப்படி ஆக மாட்டார்கள். எங்கள் நால்வரில் ஒருவரும் ஆகவில்லை. ஃபிட்டர் ஃபிட்டராகவே ஓய்வு பெற்றார், நான் குமாஸ்தாவாகவே. இருந்தாலும், எதிரில் இருப்பவன் சொல்வது தவறு என்று நிரூபிக்கலாம், அவனை அவமானப்படுத்தாமலே நிரூபிக்கலாம் என்பதை நாங்கள் கற்றோம். கண்டன்சர் அடிபட்டபோது மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியை நனைத்துக் கொடுத்தவரே அவர்தான். இந்தக் குணத்தை எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது?

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. வருகைப் பதிவு குறைந்தவன் கொட்டகைக்கு வரக் கூடாது என்று விதி போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். ஒரு தீயணைப்பான் வையுங்கள். பொறுப்பான ஆசிரியர் ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். தினமும் என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள், என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். படிப்பு கெடுகிறதா இல்லையா என்பதை அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. அடுத்த கூட்டத்தில் கை தட்டுவதற்கு முன்னால், உங்கள் பிள்ளையிடம் அவன் கட்டிய வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். பிறகு தட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.