குட்டியானையைத் திறக்கத் தெரிய வேண்டாமா?



அசோக் நகர், ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர் பக்கம் வீடு மாற்றுவதா, தண்ணீர் கேன் இறக்குவதா, மாநாட்டுக்கு நாற்காலியும் மைக் செட்டும் ஏற்றுவதா, எல்லாவற்றுக்கும் குட்டியானைதான். டாடா ஏஸ் 2005-இல் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல், முக்கால் டன் பாரம். நம் பிள்ளைகள் பலர் இதைப் பழைய வண்டியாக, ஃபைனான்ஸில் வாங்குகிறார்கள். வண்டி நின்றால் லோடு நிற்கும், டியூ நிற்காது. இரண்டு டியூ தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்துவிடும்.

ஆனால் வண்டி பல நேரம் நிற்பது சின்னக் காரணத்துக்கு. டீசல் காலியாகி, மறுபடி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை விட்டு, திரும்ப இறுக்க வேண்டும். 'ஏர் எடுப்பது' என்பது இவ்வளவுதான். மழைக்காலத்தில் அந்த ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவலாம். பெல்ட் தளர்ந்தால் சார்ஜ் ஏறாது. எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் போதும். பிரேக் மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

"அழுக்கு வேலையிலிருந்து வெளியே வரத்தானே படித்தோம், மறுபடி ஸ்பேனரா?" என்று ஒரு தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936-லேயே அண்ணல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதிவிட்டார். பிறப்பை வைத்துத் தலையில் கட்டிய வேலையைப் புனிதம் என்று புகழ்கிறவர்களை நாம் நம்பத் தேவையில்லை. நான் சொல்வது வேறு. நம் பெயரில் ஆர்.சி. இருக்கும் வண்டியைப் பற்றிய அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் முதலாளி அல்ல, டியூ கட்டும் டிரைவர். (ஆயுத பூசை அன்று ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறார்கள். அதைப் பிடிக்கிற பையனுக்கு மட்டும் தனி டீ கிளாஸ்.)

இந்த வாய்ப்பும் சுருங்கி வருகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்த பிறகு புது வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் அதிகம். ஸ்கேனர் இல்லாமல் பல பழுதுகள் பிடிபடாது. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் உண்டு. தெருவோர மெக்கானிக் கைக்கு ஸ்கேனரும் சர்வீஸ் கையேடும் மலிவாக வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அங்கே பழைய வண்டிக்காரர் யாரோ சொல்கிற தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார். என்ன பழுது என்று தெரிந்தவர் பேரமாவது பேசுவார்.

தாட்கோ வண்டி வாங்க மானியத்தோடு கடன் தருகிறது. நல்லது. அந்தக் கடனோடு பத்து நாள் பழுதுபார்ப்புப் பயிற்சியையும், ஒரு ஸ்பேனர் செட்டையும் சேர்த்தே தர வேண்டும் என்று மாவட்ட மேலாளர் அலுவலகங்களில் மனுக் கொடுப்போம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிக்கும் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வாசிப்பு வட்டம் நடக்கும் ஞாயிறுகளில் ஒன்றை சேரிக்குள் நிற்கும் வண்டிகளுக்கு ஒதுக்குங்கள். பெண் தோழர்களும் சீட்டைத் தூக்கட்டும்.

ஜெய்பீம்.