எடை பார்க்காத பணம்

அங்கன்வாடிகளை மூடிவிட்டு அந்தப் பணத்தைத் தாய்மாரின் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம், சிறு ஊர்களில்கூடத் தனியார் மழலையர் பள்ளி வந்துவிட்டதே என்கிறார்கள். அங்கன்வாடியைச் சோறு போடும் இடமாக மட்டுமே பார்ப்பவர்களின் வாதம் இது.

மழலையர் பள்ளி மூன்று வயதை ஒட்டித்தான் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். வளர்ச்சி குன்றத் தொடங்குவதோ கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும். அப்போது வீடு தேடி வருபவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும்தான். பள்ளி வேன் அந்த வாசலில் நிற்காது.

1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை சரிவர ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். எடையைக் குறிக்கும் அட்டையில் கோடு ஏன் இறங்குகிறது என்பதைத் தாய்க்கு உட்கார்ந்து விளக்கினார்கள். திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு குறைந்தது. கணக்கில் விழும் பணம் எந்தப் பிள்ளையையும் தராசில் நிறுத்தாது.

பல மையங்கள் மோசமாக இருப்பது உண்மை. ஆனால் 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை காலம் மதிப்பூதியத்தில் வேலை வாங்கிவிட்டுத் தரமில்லை என்று பூட்டுவது அநியாயம். காலியிடங்களை நிரப்புங்கள். மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகும் தாய்மாருக்காக மாலைவரை திறந்து வையுங்கள்.