தராசைப் பார்க்காம தலையாட்டாதீங்க

பதுளை டவுனில் ஒரு கணினி வகுப்பு. லினக்ஸில் ஜென்கின்ஸ் நிறுவுவதுதான் அன்றைய பாடம். எழுதின நிரலைச் சேர்த்து, சோதித்து, சர்வரில் ஏத்துற வேலைகளை மனுசக் கை படாமல் தானாகவே செய்யும் மென்பொருள் அது. சேர் ஒரு தாள் தந்தார். "வரிசையா அடிங்க, கேள்வி கேட்டா நேரம் போயிரும்." லுணுகலையிலிருந்து பஸ் ஏறிப் போன நானும் அடிச்சேன். நடுவில் நின்னுருச்சு: கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை. சேர் வந்து 'டிரஸ்டட்=யெஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். வேலை முடிஞ்சது. பிறகு சான்றிதழும் வந்தது.

என்ன நடந்ததுன்னு வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் கோபம் வந்தது.

ஜென்கின்ஸ் பொதிகள் ஒரு டிஜிட்டல் கையெழுத்தோடு வருது. உண்மையான இடத்திலிருந்துதான் வந்திருக்கான்னு நம்ம கணினி ஒரு சாவியை வச்சுப் பார்க்கும். அந்தச் சாவியை 2023இல் மாத்திட்டாங்க. சேரின் தாள் அதுக்கும் பழசு. புதுச் சாவியை இறக்க ஒரு வரி போதும். ஆனா அவர் சேர்த்த சொல்லுக்கு அர்த்தம், "பார்க்காதே, எது வந்தாலும் எடுத்துக்கோ."

நம்ம அம்மாமார் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காம நகர மாட்டாங்க. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எத்தனை கிலோ வெட்டுறாங்கன்னு கேட்டுச் சண்டை போட்டவங்க அவங்க. அவங்க பிள்ளைகளுக்குத்தான் "பார்க்காதே, அடி" என்று பாடம் நடக்குது.

இது சின்ன விசயமில்ல. ஜென்கின்ஸ் வழக்கமா 8080 போர்ட்டில் ஓடும். உள்ளே நிர்வாகியா நுழைஞ்சவர் அந்த சர்வரில் கமாண்ட் ஓட்டலாம். அதனாலதான் முதல் கடவுச்சொல் சர்வருக்குள்ளேயே ஒரு கோப்பில் இருக்கு; அந்த மெசின் யார் கையிலோ அவர்தான் திறக்கணும். ஜாவா பதிப்பு பொருந்தலன்னா ஜென்கின்ஸ் எழும்பாது. ஏன்னு 'ஜர்னல்சிடிஎல்' சொல்லும். இதெல்லாம் அந்தத் தாளில் இல்ல.

"இங்கிலீஷ் தெரியாத தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்பாங்க. போதாது. ஒரு எரர் வரியில் பத்துச் சொல் இருக்கும். அதை விளக்க ஐந்து நிமிசம் ஆகும். அந்த ஐந்து நிமிசத்துக்கும் சேர்த்துத்தான் நாங்க காசு கட்டுறோம்.

ஜென்கின்ஸின் கதையே தலையாட்டாதவங்க கதைதான். சன் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி தொடங்கினப்ப அதுக்குப் பேர் ஹட்சன். சன்னை வாங்கின ஆரக்கிள் அந்தப் பேர் தன்னுடையது என்றது. 2011இல் நிரலாளர்கள் வாக்கெடுத்து, பேரை விட்டுட்டு நிரலோட வெளியே வந்தாங்க. நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால அது முடிஞ்சது. இன்னைக்கும் அது இலவசம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் போட்டுப் பழகலாம்.

தம்பி, தங்கச்சி, அடுத்த வகுப்பில் தாள் வந்தா ஒவ்வொரு வரிக்கும் கை தூக்குங்க: "சேர், இது என்ன செய்யும்?" பதில் கிடைச்சா தமிழில் எழுதி வைங்க. கிடைக்கலன்னா கட்டின காசைத் திருப்பிக் கேளுங்க.