நாய்க் கதை சொன்ன குற்றத்துக்கு என் பதில்



இரண்டு நாளாக நம்ம ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தரம் 8 பிள்ளைகளுக்கு நான் நாய் வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறேனாம். இப்படிப்பட்ட ஒருவரிடம் பிள்ளைகளை எப்படி நம்பி அனுப்புவது என்று அந்தச் சகோதரர் கேட்கிறார். அவர் யாரென்று எழுத மாட்டேன். அதிபரிடம் வந்து கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஊருக்கே கேட்டுவிட்டதால் ஊருக்கே சொல்கிறேன்.

ஆசிரியர் லீவு போட்ட ஒரு பாடவேளைக்கு என்னை அனுப்பினார்கள். சும்மா இருங்கள் என்றால் தரம் 8 சும்மா இருக்குமா? ஒரு நாவலின் கதையைச் சொன்னேன். அமெரிக்கரான ஃபிரெட் கிப்சன் 1956இல் எழுதிய 'ஓல்ட் யெல்லர்'. 1860களின் கடைசி, டெக்சாஸ் காட்டோரம் ஓர் ஏழைக் குடும்பம். வாப்பா மாடு விற்கத் தூரப் பயணம் போய்விட, 14 வயது ட்ராவிஸ்தான் வீட்டைப் பார்க்கிறான். காது பிய்ந்த ஒரு மஞ்சள் நாய் எங்கிருந்தோ வந்து, தொங்கவிட்டிருந்த இறைச்சியைத் தின்றுவிடுகிறது. அடித்து விரட்ட நிற்கிறான் ட்ராவிஸ். சின்னத் தம்பியோ நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். பிறகு அதே நாய் தம்பியைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறது. ட்ராவிஸைக் காட்டுப் பன்றிகளிடமிருந்து காப்பாற்றுகிறது. (கதையில் பன்றியும் வருவது குரல்பதிவு போட்டவருக்கு இன்னும் தெரியாது போல.) கடைசியில் விசர் பிடித்த ஓநாய் ஒன்று உம்மா மீது பாய வர, இடையில் விழுந்து சண்டை பிடிக்கிறது. உம்மா தப்பிவிட்டார். ஆனால் நாயைக் கடித்தது விசர் ஓநாய். இனி அந்த நாய்க்கும் விசர் பிடிக்கும், வீட்டிலுள்ளவர்களையே கடிக்கும். துப்பாக்கியை எடுப்பது ட்ராவிஸ்தான்.

வகுப்பில் சத்தமே இல்லை.

இதில் எந்த இடத்தில் நான் மார்க்கத்தை மீறினேன்? நாயின் எச்சில் நஜீஸ், ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால் கழுவ வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நானும் ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்தவன்தான். ஆசைக்கு நாய் வளர்க்காதீர்கள் என்று நம் உலமாக்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்கலாம் என்று அதே கிதாபுகளில் இருக்கிறது. ட்ராவிஸ் வீட்டு நாய் செய்தது அந்த வேலைகளைத்தானே? கழுவச் சொன்ன சட்டத்தைக் கல்லெறியச் சொன்ன சட்டமாக மாற்றியது யார்?

வெள்ளிக்கிழமை தோறும் சூறதுல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அந்த நாயைத் தாண்டித்தானே ஒவ்வொரு வாரமும் போகிறோம்? தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டிய மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கழுவும் ஹதீஸைப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒப்பிக்கிறார்கள். இதைக் கேட்டால் முழிக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் மர்ஸுபான், ஆடை உடுத்திய பலரைவிட நாய்கள் மேல் என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். அவருக்கு யாராவது குரல்பதிவு போட்டார்களா தெரியவில்லை.

இனி குரல்பதிவில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். கதை முடிந்ததும் பின்னால் இருந்த ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், அந்தக் காலத்தில ஊசி இருக்கல்லையா?" இருக்கவில்லை, பாஸ்டர் அந்த ஊசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885இல்தான் என்றேன். மணி அடித்த பிறகு அவன் தனியாக வந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினான். நான்கு நாளைக்கு முன் ஒழுங்கையில் ஒரு நாய் கடித்திருக்கிறது. நாயோடு விளையாடினாயா என்று அடி விழும் என்ற பயத்தில் வீட்டில் சொல்லவில்லை. காலைக் கழுவி, சாறனால் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அன்றைக்கே அவன் உம்மாவுக்குச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். யார் பிள்ளை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். விசர்நாய்க்கடியில் நோய்க்குறி தெரிந்த பிறகு மருந்து இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் பிள்ளை வாய் திறக்க வேண்டுமே! நாய் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க முடியாமல் வைத்திருந்தால் எப்படித் திறப்பான்?

நாய் நாவல்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. நாயைக் கொன்று வாசகரை அழவைத்துக் காசு பார்க்கும் புத்தகங்களும் உண்டு. வாசித்துப் பார்த்து, எனக்கே எரிச்சல் வந்து மூடியிருக்கிறேன். 'ஓல்ட் யெல்லர்' அந்த ரகமில்லை. நேசித்ததையே தன் கையால் முடிக்க வேண்டிய பாரம் 14 வயதுப் பையன் தலையில் விழுகிறது. கண்ணீரோடு அந்தப் பாரமும் நம் மனதில் இறங்குகிறது. போன வருடம் ஹோட்டல் வாசலில் கொதிதண்ணீர் ஊற்றப்பட்ட பெட்டை நாயைச் சுற்றி நின்று சிரித்த பிள்ளைகளில் என் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு வாய்ப்பாடு கற்றுக் கொடுத்திருந்தேன். இதைக் கற்றுக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த தடவை அப்படியொரு பாடவேளை கிடைத்தால் ரஷ்யாவின் துர்கேனிவ் எழுதிய 'முமு' சொல்லப் போகிறேன். எஜமானியின் கட்டளைக்காகத் தன் ஒரே துணையான நாயைக் கையால் ஆற்றில் மூழ்கடிக்கும் ஓர் ஊமை அடிமையின் கதை. குரல்பதிவு போட்ட சகோதரரும் வரலாம். கடைசி வாங்கில் இடம் இருக்கிறது.