மூடி இல்லாத இயந்திரம்

நண்பர்களே! முதலாண்டில் ஒர்க் ஷாப்புக்குள் காலடி எடுத்து வைத்த அன்று நமக்குச் சொன்ன முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? "சட்டையை உள்ளே விடு, வாட்சைக் கழற்று, ஷூ இல்லாம வராதே!" அறிவுரையோடு விட்டார்களா? இல்லை. லேத்தின் பெல்ட்டும் கியரும் இரும்பு மூடிக்குள் இருக்கின்றன. கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது. எத்தனை சொன்னாலும் மனிதன் ஒரு நாள் அசந்துபோவான் என்று இயந்திரம் செய்தவனுக்குத் தெரியும். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆம் பிரிவில், ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது. "தொழிலாளி ஜாக்கிரதையா இருந்திருக்கணும்" என்று சொல்லி முதலாளி தப்பிக்க முடியாது.

வளர்ந்த ஆளுக்கே மூடி வேண்டும் என்றால், போனில் பாடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு? அங்கே மட்டும் "பார்த்து இருந்துக்கோ" என்ற ஒரு வார்த்தையோடு நம் கடமை முடிந்துவிடுகிறதே, இது எந்த ஊர் நியாயம்?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அப்பாவின் போனே வகுப்பறை ஆனது. நம்மில் பலர் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் உலகம் முழுக்க ஜூம் வகுப்புகளுக்குள் முன்பின் தெரியாதவர்கள் புகுந்து ஆபாசப் படம் காட்டினார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். பிள்ளைகள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தும் யாரும் போடவில்லை. 2020 ஏப்ரலில் அந்த நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது. அதற்குப் பிறகு, ஆசிரியர் உள்ளே விட்டால்தான் ஆள் உள்ளே வர முடியும். பிள்ளைகளுக்குப் புதிதாக ஓர் அறிவுரையும் தேவைப்படவில்லை, பார்த்தீர்களா? இயந்திரத்துக்கு மூடி போட்டார்கள், அவ்வளவுதான்!

ஆபத்து வெளியாளிடமிருந்து மட்டும்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மே மாதம், சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் ஆன்லைன் வகுப்பில் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் எழுந்து, போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அதன் பிறகுதான், ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்து நிர்வாகம் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது. விரல் போன பிறகு மூடி தேடிய கதை!

ஆள் உள்ளே வராமலே தகவல் வெளியே போவதும் உண்டு. மத்திய அரசின் 'தீக்ஷா' கல்வித் தளத்தின் கோப்புகள் பூட்டில்லாத சர்வரில் கிடந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள். பெயர், படித்த பள்ளி எல்லாம் அதில்! இதற்கு எந்தப் பிள்ளை எப்படி ஜாக்கிரதையாக இருந்திருக்க முடியும்?

என் தங்கை ஏழாவது படிக்கிறாள். ஒரு படிப்பு ஆப்பில் சந்தேகம் கேட்கும் பகுதி உண்டு. அதில் யாரோ ஒருவன் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "எந்த ஊர்? போட்டோ அனுப்பு" என்று கேட்டிருக்கிறான். அவள் அனுப்பவில்லை. ஆனால் பத்து நாள் யாரிடமும் சொல்லவும் இல்லை. "ஏன்டி சொல்லல?" என்றேன். "சொன்னா நீ போனைப் பிடுங்கிப்பியே!" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்தவனே நான்தான்!

ஒர்க் ஷாப்பில் சிவப்பு ஸ்விட்சை அழுத்தியவனை எந்த மாஸ்டராவது திட்டியதுண்டா? அழுத்தியவனைத் திட்டினால் அடுத்த முறை எவனும் அழுத்த மாட்டான். வீட்டில் நாம் செய்வது அதைத்தான்.

ஆகவே, என் கருத்தில் படிப்பு ஆப் எதுவானாலும் மூன்று மூடிகள் வேண்டும். ஒன்று, பெரியவர் ஒருவரும் பிள்ளையும் தனியாகப் பேசிக்கொள்ளும் வழியே இருக்கக் கூடாது. இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படிதான் எல்லாப் பேச்சும். இரண்டு, தேவையில்லாததைக் கேட்கக் கூடாது. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித் தர, நம்ம வீடு எந்தத் தெருவில் இருக்குன்னு அதுக்கு எதுக்குத் தெரியணும்? வாங்கி வைக்காத தகவல் திருட்டுப் போகாது. மூன்று, பிள்ளைக்குப் புரிகிற தமிழில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பதில் சொல்ல மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

"இதெல்லாம் செலவு, சின்ன கம்பெனிகள் தாங்காது" என்பார்கள். மூடி போட்ட லேத்தும் விலை கூடத்தான். அதற்காக மூடியைக் கழற்றி விற்கிறோமா?

சட்டமும் இந்தத் திசையில்தான் நடக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகளே. பெற்றோரின் சம்மதத்தை உறுதி செய்யாமல் அவர்கள் தகவலைக் கையாளக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அதுவரை நம் வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்க முடியுமா?

வீட்டில் எந்த ஆப் வந்தாலும் "அண்ணா, இதைப் போட்டுக் கொடு", "அக்கா, இதைப் பாரு" என்று நம்மிடம்தானே நீட்டுகிறார்கள்? இன்று இரவே அந்தப் போனை வாங்கிப் பாருங்கள். இருப்பிடம், கேமரா, தொடர்பு எண்கள், இவற்றில் தேவையில்லாத அனுமதிகளை நிறுத்துங்கள். "என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். தவறு நடந்திருந்தால் ஆதாரத்தை அழிக்காதீர்கள், நாலு பேருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

நாளை நம்மில் சிலர் இதே ஆப்களை எழுதப் போகிறோம், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம். அன்று மேலதிகாரி வந்து "மூடி அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல மெஷினை ஓட்டு" என்பார்.

ஓட்டாதீர்கள் நண்பர்களே! அந்த மெஷினில் கை வைக்கப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.