மஞ்சள் சுவருக்குத் தேய்மானம் யார் எழுதுவது?

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. தேனிலவுக்கு இத்தாலி போகவேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. இத்தாலி என்றால் ரோம், வெனிஸ் எல்லாம் இல்லை. மலை உச்சியில் ஒரு பழைய ஊர், கல் பாவிய சந்து, ஒரு ஜன்னல், ஜன்னலில் பூத்தொட்டி, அதற்கு முன்னால் வெள்ளை கவுனில் பெண்ணும் கோட்டு சூட்டில் மாப்பிள்ளையும். யாரோ ஒரு ஜோடியின் படம். அதை போனில் சேமித்து வைத்துக்கொண்டு நிச்சயதார்த்தத்திலிருந்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் கூட்டிக் கொடுத்தது அடியேன் (பி.காம் சேர்ந்து இந்த மூன்று வருடத்தில் குடும்பத்துக்கு நான் செய்த ஒரே உபகாரம்). கடைசி வரியில் வந்த தொகையைப் பார்த்ததும் மனுஷர் ஒன்றும் பேசவில்லை. போனை மூடி பாக்கெட்டில் வைத்துவிட்டார்.

அப்புறம் போட்டோகிராபர் அண்ணன்தான் வழி சொன்னார். "எதுக்கு சார் இத்தாலி? அதே ஃபீலை உங்க மாமியார் ஊர்லயே கொண்டு வந்துடலாம்."

மாமியார் ஊர் என்பது புதுச்சேரி. ஆக, ஊர் உலகமே தேனிலவுக்கு வந்து குவியும் ஊரில் பிறந்து வளர்ந்த எங்கள் அக்கா, தேனிலவுக்கும் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தாள் :-)

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒயிட் டவுன். ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள்தான் முதலில் என்று நினைத்தால், அந்தக் குறிப்பிட்ட மஞ்சள் சுவருக்கு எங்களுக்கு முன்னால் மூன்று ஜோடி காத்திருக்கிறது. ரேஷன் கடை வரிசை தோற்றது போங்கள். காகிதப்பூக் கொடி தொங்கும் மதில், நீல நிறக் கதவு, இரண்டு படி. எல்லா ஜோடியும் அதே படியில் அதே மாதிரி உட்கார்ந்து அதே மாதிரி நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள்.

எங்கள் முறை வந்தது. அக்காவின் கவுன் இரண்டு படியையும் மூடிக்கொண்டு தெருவரைக்கும் பரவிக் கிடந்தது. அண்ணன் மூன்றாவது கிளிக் அடிக்கும்போது அந்த நீலக் கதவு திறந்தது.

உள்ளே ஒரு பாட்டி. வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. கப்ஸ் கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்பியிருக்கிறார். (வெளியூர்க்காரர்களுக்கு: துய்மா வீதியில் இருக்கும் அந்த ரோஸ் கலர் தேவாலயம். 1855ல் கட்டியது. கப்புச்சின் சாமியார்களால் வந்த பெயர், எங்கள் வாயில் கப்ஸ் ஆகிவிட்டது.) அவர் வெளியே வரவேண்டும் என்றால் அக்காவின் கவுனை மிதித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

"பாட்டி, ரெண்டே நிமிஷம் பாட்டி" என்றார் அண்ணன். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். பாட்டியும் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டார். தன் வீட்டுக்குள் தானே ஒதுங்கி நின்றார்.

நான் ரிஃப்ளெக்டரைப் பிடித்தபடியே நின்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்.

ஷூட் முடிந்து அவர் வெளியே வந்தபோது போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி, பழகிடுச்சு" என்றார். இறந்துபோன கணவர் சொல்தாவாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்தப் பென்ஷனில்தான் வீடு நிற்கிறது என்றார். "உப்புக்காத்து தம்பி. வெள்ளையடிச்சு வருஷம் திரும்பலை, பொரிஞ்சு பொரிஞ்சு விழுது. போட்டோவுக்கு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. பெயின்ட் டப்பா ஒண்ணு யாரும் வாங்கித் தரலை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு அன்று முழுக்க மண்டையில் ஓடியது அந்த பெயின்ட் டப்பாதான். கணக்குப்பதிவியலில் முதல் வருடமே தேய்மானம் படிக்கிறோம். ஒரு இயந்திரத்தை வைத்து வருமானம் பார்த்தால், அந்த இயந்திரம் தேய்வதையும் செலவாக எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் லாபம் என்று நீ காட்டுவது லாபமே இல்லை. இப்போது இந்தத் தொழிலைப் பாருங்கள். இயந்திரம் எது? கேமரா இல்லை நண்பர்களே, கேமராவை அண்ணன் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போவார். அந்தச் சுவர்தான் இயந்திரம். வருமானம் போட்டோகிராபருக்கு, மேக்கப்காரருக்கு, ஓட்டலுக்கு, கவுன் வாடகைக்கு விடுபவருக்கு. படம் எங்களுக்கு. தேய்மானம் மட்டும் பாட்டி கணக்கில்.

"தெரு பொதுச்சொத்துதானே, யார் வேண்டுமானாலும் நிற்கலாம்" என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். தெரு பொதுதான். படி பொது இல்லை, கதவு பொது இல்லை. அதைவிட முக்கியம், தெருவை மட்டும் படம் எடுக்க யாரும் வருவதில்லை. தார் ரோடு கோயம்பேட்டிலும் இருக்கிறது.

சரி, அந்தச் சுவர் எப்படி வந்தது? பிரெஞ்சுக்காரன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன அலங்காரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1761ல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து, கோட்டை வீடு எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு திரும்பவும் அடியிலிருந்து எழுப்பிய ஊர் இது. நேர்நேராகக் கோடு போட்ட வீதிகள் இருக்கின்றனவே, அந்தத் திட்டம் வரைந்தது டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. கட்டியதும் பூசியதும் நம்மூர்க் கொத்தனார்கள். செங்கல், சுண்ணாம்பு, மேலே மரச்சட்டங்கள் போட்டு மெட்ராஸ் டெரஸ். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். செலவு குறைவு என்று மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், சில வருடத்தில் பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் கஷ்டம், கூலியும் அதிகம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம். 1870களில் எழுந்த நகராட்சிக் கட்டடம், சர்க்கார் சொத்து. 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே சாயலில் திரும்பக் கட்டி 2021ல்தான் திறந்தார்கள், அதுவும் உலக வங்கிப் பணத்தில். சர்க்கார் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், பென்ஷனில் ஓடும் வீட்டுக்கு?

இதற்காக ஷூட்டிங்கையே தடை செய் என்று கிளம்புபவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், முகூர்த்த மாசத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஆடியையும் மார்கழியையும் ஓட்டவேண்டும். தடுப்பு வைப்பதும் வேலைக்கு ஆவதில்லை. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஒரு ஏரிக்கரை ஊர். 2023ல் படம் எடுப்பவர்கள் தொல்லை தாங்காமல் காட்சியையே மறைத்து மரப்பலகை வேலி கட்டினார்கள். உலகம் முழுக்க சத்தம் வந்ததும் சில நாளில் பிரித்துவிட்டார்கள். பாரிஸில் க்ரெமியூ வீதி என்று கலர் கலராக வீடுகள் உள்ள தெரு, எங்கள் ஒயிட் டவுனுக்குப் பங்காளி மாதிரி. சாயங்காலமும் வாரக்கடைசியிலும் தெருவுக்கு கேட் போடுங்கள் என்று 2019ல் குடியிருப்பவர்களே கேட்டார்கள்.

மாமாவின் படத்தில் இருந்த மாதிரியே ஒரு ஊர் இத்தாலியில் இருக்கிறது, சிவிடா தி பாஞ்யோரேஜியோ. மண் அரித்துக்கொண்டே வரும் குன்றின் உச்சியில் நிற்கிறது. போக ஒரே வழி, நடைபாலம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். 2013ல் உள்ளே நுழைய ஒன்றரை யூரோ கட்டணம் என்றார்கள். கட்டணம் போட்டால் கூட்டம் குறையும் என்று நினைப்போம் இல்லையா? கூடியது! கட்டணத்தையும் பிற்பாடு ஐந்து யூரோ வரை ஏற்றினார்கள். வந்த பணத்தில் பாஞ்யோரேஜியோ நகராட்சி தன் மக்களுக்கான உள்ளூர் வரிகளையே நீக்கியது என்று செய்திகள் வந்தன. ஊரைப் பார்க்க வருபவன் ஊரில் இருப்பவனுக்குக் கொடுக்கிறான். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு நெஞ்சில் உறுத்துவது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் மஞ்சள் சுவரையாவது ஆயிரம் பேர் படம் எடுக்கிறார்கள். மேற்கே? எங்கள் தாத்தா வீடு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்தது. தெருவில் மரத்தூண் நட்டு ஓடு இறக்கிய தாழ்வாரம், அதற்குள் திண்ணை, உள்ளே முற்றம், மாடியில் மட்டும் பிரெஞ்சு மோஸ்தரில் வளைவு ஜன்னல். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இப்படிப்பட்ட கலப்பு வீடுகளை வேறு எங்கே பார்ப்பீர்கள்? தாத்தா போன பிறகு ஐந்து பங்காளி. யாராலும் தனியாகப் பழுது பார்க்க முடியவில்லை, பார்க்க ஒருவருக்கும் மனசும் வரவில்லை. விற்றாகிவிட்டது. இப்போது அங்கே மூன்று மாடி, கீழே செல்போன் கடை. அக்காவுக்குக் காது குத்தியது அந்த முற்றத்தில்தான். ஒரு உருப்படியான படம்கூட எங்களிடம் இல்லை. இன்டாக் அமைப்பு முன்பு பட்டியல் எடுத்த பாரம்பரியக் கட்டடங்களில் எத்தனையோ இன்று இப்படித்தான் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கால்வே சுப்புராய செட்டி வீதி, நாங்கள் வைசியாள் வீதி என்போம். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் அந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர் செய்தார்கள். செலவைத் திட்டமும் வீட்டுக்காரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். தாழ்வாரங்கள் திரும்ப வந்தன. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் அந்த வீதிக்கு இடம் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் புதுச்சேரியோடு கூட்டு சேர்ந்த ஊர்கள் இரண்டு. ஒன்று பிரான்சில் வில்நெவ்-சூர்-லோ. இன்னொன்று உர்பினோ. ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர், 1506லிருந்து பல்கலைக்கழகம் உள்ள ஊர், இத்தாலியில் மலை மேல் இருக்கும் ஊர்!

மாமாவிடம் சொன்னேன். "நீங்க இத்தாலி போகலைன்னா என்ன, இத்தாலி எப்பவோ நம்ம தெருவுக்கு வந்துட்டுப் போயிடுச்சு." முறைத்தார்.

என் யோசனை பெரியதொன்றும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஷூட் நடத்துபவர்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கி ஒரு சீட்டு, அதற்கு ஒரு கட்டணம். செல்போனில் செல்ஃபி எடுப்பவனை விட்டுவிடுங்கள். எங்கள் பேக்கேஜ் நாற்பதாயிரம். அதில் ஆயிரம் ரூபாய் சீட்டுக்குப் போயிருந்தால் மாமா கவனித்திருக்கவே மாட்டார். ஒரு ஜோடி வாசலை மறித்தால் வீட்டுக்காரர் புகார் சொல்ல ஒரு எண். வருகிற பணம் பொதுக் கஜானாவில் கலக்கக்கூடாது. கலந்தால் நடைபாதை ஓடு மாற்றியே தீர்த்துவிடுவார்கள், நாம் பார்க்காததா? தனிக் கணக்கு. அதிலிருந்து சுண்ணாம்புக்கும் மரத்துக்கும் பாதிச் செலவு, மீதி வீட்டுக்காரர். வாய்க்காலின் இரண்டு பக்கத்துக்கும். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சுவர் சம்பாதிப்பதில் திண்ணைக்குப் பங்கு வேண்டும்.

"கட்டணம் போட்டால் ஆட்கள் மாமல்லபுரம் போய்விடுவார்கள்" என்கிறார் போட்டோகிராபர் அண்ணன். இருக்கலாம். சிவிடாவில் போகவில்லையே என்றேன். "அது இத்தாலி தம்பி" என்றார். இந்த ஒரு வரிக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இத்தாலிக்கு என்றால் லட்சம் லட்சமாகக் கூட்டிப் பார்த்த எங்கள் வீட்டில், சொந்த ஊர்ச் சுவருக்கு ஆயிரம் என்றால் யோசிப்பார்கள்தான்.

ஆல்பம் போன வாரம் வந்தது. நீலக் கதவுப் படம் நடுப்பக்கத்தில், இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது கிளிக்கை அண்ணன் நீக்காமல் கொடுத்த பென் டிரைவில் தேடிப் பார்த்தேன். அக்காவின் தோளுக்குப் பின்னால் கதவு அரை அடி திறந்திருக்கிறது. இருட்டில் ஜெபமாலை பிடித்த கை மட்டும் தெரிகிறது. அதைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு பாட்டியிடம் கொடுக்கவேண்டும். ஒரு பெயின்ட் டப்பாவும் வாங்கலாம் என்று கடையில் விசாரித்தேன். சுண்ணாம்புச் சுவருக்கு இந்த பெயின்ட் ஆகாது தம்பி என்றார் கடைக்காரர்.